பந்தியில் ஒரு காலி இலை

மயிலாப்பூர்,
3-8-1949

அன்புள்ள அப்பாவுக்கு, தெய்வநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். பினாங்கில் உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன?

தங்கை செண்பகத்தின் கல்யாணத்துக்கு என்னால் வர இயலாது. ஆவணி முழுவதும் சோதனை இருப்பதால் பேராசிரியர் விடுப்பு தரவில்லை.

என்ன சோதனை என்று கேட்டிருந்தீர்கள். தங்கக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பனிக்கட்டி நீரில் சட்டென்று போடுகிறோம். சூட்டில் உலோகத்தின் அணுக்கள் இடம் மாறுவதால் நடுநடுவே காலி இடங்கள் உண்டாகின்றன. மெதுவாக ஆறினால் அவை நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து மறைந்துவிடும். சட்டென்று குளிர்ந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பது பேராசிரியரின் எண்ணம். நேற்று காய்ந்த கம்பி பட்டு இரண்டு விரல் லேசாக வெந்தது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், வேறொன்றுமில்லை.

ஆய்வுக்கூட உதவியாளர் சேட்டு, பட்டினப்பாக்கத்துக்காரர், விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "இதுல இன்னா சார் கீது? பந்தில நடுவுல ஒரு எலை காலியா கீதுன்னா, அல்லாரும் நவுந்து குந்திக்கினா காலி எலை கடைசிக்குப் பூடும். சோத்தப் போட்டுட்டா எவன் சார் நவுருவான்?" பேராசிரியர் அரைமணி நேரம் விளக்கியதைவிட இது தெளிவாக இருந்தது.

யாராவது கப்பலில் வந்தால் ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு புட்டி கொடுத்தனுப்பவும். இங்கே கடைக்காரர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையை வழக்கம்போல எனக்கென்று பிடித்து வைப்பீர்கள். வேண்டாம் அப்பா. சோறு விழுவதற்கு முன்பே எல்லாரையும் நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
தெய்வநாயகம்