அபராதம் கட்டி வாங்கிய பத்திரிகை

லெஸ்டர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பல்கீஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் கமால் மச்சானும் மகள் ஸமீராவும் இறைவன் காவலில் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஸமீராவின் நிக்காஹ் பத்திரிகை வந்தது. வந்தது என்பதைவிட மீட்டுக்கொண்டு வந்தேன் என்பதே சரி. உறையில் செல்லுபடியாகும் தபால்தலை இல்லை, அபராதம் கட்டிப் பெற்றுக்கொள்ளவும் என்று தபால்காரர் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கட்டினேன். உன் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்கும் என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இல்லை. ரசாயனத் துறையில் உன் பக்கத்து மேசையில் அத்தனை வருஷம் இருந்தவளுக்கும் ஊருக்கெல்லாம் கொடுத்த அதே பத்திரிகைதான்.

சரி, அதை விடு. நான் யாங்கோன் வந்திருந்தபோது கொடுத்துவிட்டு வந்த பிரிட்டிஷ் தபால்தலைகளைத்தானே ஒட்டினாய்? இங்கே வருகிறவர் கையில் ஒட்டிய உறையைக் கொடுத்தனுப்பினால் அவர் இறங்கியதும் பெட்டியில் போட்டுவிடுவார் என்ற நம் பழைய வழக்கம். பர்கத்துல்லா காக்காவும் அப்படித்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தத் தலைகள் போன வருஷத்தோடு செல்லாமல் போய்விட்டன. இப்போது பக்கத்தில் பார்கோடு உள்ளவை மட்டும்தான். பழையதைக் கொடுத்தால் அதே மதிப்புக்குப் புதியது தருகிறார்கள். உனக்கு இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கெட்ட செய்தி இனித்தான். பர்மிங்காமில் இருக்கும் மாப்பிள்ளையின் பெரியவாப்பா அப்துல் சமதுக்கும் அபராதச் சீட்டு போயிருக்கிறது. அவர் கட்டவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க கள்ள ஸ்டாம்பு ஒட்டிக் கார்டு அனுப்புறாங்க" என்று போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ ஒரு போன் போட்டு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிடு. அதோடு முடியும்.

டிசம்பரில் நான் வருவேனா என்று தெரியவில்லை.

ஷிரின்


லான்மடாவ், யாங்கோன்
4 செப்டம்பர் 2024

ஷிரின்,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூவரும் நலம். மின்சாரம் மட்டும் நினைத்தால் வருகிறது.

உன் கடிதத்துக்கு முன்பே செய்தி இங்கே வந்துவிட்டது. மாப்பிள்ளை ஆபித்தின் உம்மா லத்தா பேட்டையிலிருந்து நேரே வந்தார். நான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் முன்னாலேயே கேட்டார்: "என்ன சயாமா, டீச்சரம்மான்னு ஊருக்கே படிச்சுக் குடுக்கிறிய, சீமைக்குச் செல்லாத ஸ்டாம்பாப் பார்த்து ஒட்டியிருக்கிய?" பர்மியப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது. ஆனால் தொனி எல்லோருக்கும் புரியும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "பெரிய மச்சான் இல்லாம எங்க வீட்டுல ஒரு காரியமும் நடந்ததில்ல. அவுக மனசு கோணிக்கிட்டு இருந்தா தேதியத் தள்ளத்தான் வேணும்" என்றார்.

போன் போடச் சொல்கிறாய். போடமாட்டேன். மன்னிப்புக் கேட்டால் கள்ளத் தலை ஒட்டியதை ஒப்புக்கொண்டதாக ஆகும். ஸமீரா அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரோடு நுழைய வேண்டியிருக்கும். அதைவிட நிக்காஹ் தள்ளிப்போகட்டும். ஸமீராவிடம் கேட்டேன். முகம் வாடியிருந்தது, ஆனாலும் "நீங்க கேக்காதீங்கம்மா" என்றுதான் சொன்னாள். கமால்தான், "ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன், வாய் தேஞ்சா போவும்?" என்கிறார். அவர் கடைக்காரர். வாடிக்கையாளர் பில்லைத் தொலைத்தாலும் இவர்தான் சாரி சொல்வார்.

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்கிறேன். அந்தத் தலைகளை எங்கே வாங்கினாய்? அங்கே போலித் தலைகளும் மலிவு விலையில் கிடைப்பதாக ஸமீரா படித்துச் சொன்னாள். சோதித்துப் பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. அது உனக்குத் தெரியும். மீதித் தலைகளை அங்கே வரும் சுந்தரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாற்றித் தந்தார்கள் என்றால் அசல். தரவில்லை என்றால் அந்தப் பெரியவர் சொன்னது சரி. அன்றே நான் போன் போடுகிறேன்.

பல்கீஸ்


லெஸ்டர்
21 செப்டம்பர் 2024

பல்கீஸ்,

சுந்தர் வந்து கொடுத்தார்.

அஞ்சலகத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். பர்மாவுக்குப் போகிறவளுக்கு உள்ளூர்த் தலை எதற்கு என்று கவுண்டரில் இருந்தவள் கேட்டாள். என் தோழி எழுதுவாள் என்று சொன்னேன். நீ அனுப்பிய கட்டைப் பிரித்தேன். பத்திரிகைகளுக்குக் கிழித்ததைத் தவிர அப்படியே இருக்கிறது. பத்து வருஷமாக எனக்கு ஒரு கடிதம் போடாமல் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். இப்போது அவை அசலா என்று கேட்கிறாய்.

மாற்றிக் கேட்கும் படிவத்தை நிரப்பி, தலைகளை அதில் ஒட்டி அனுப்பியாயிற்று. முடிவு எதுவானாலும் மறைக்காமல் சொல்வேன். வேறு எழுத வரவில்லை.

ஷிரின்


லெஸ்டர்
19 அக்டோபர் 2024

பல்கீஸ்,

நீ பதில் எழுதவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

உன் சோதனை முடிந்தது, சயாமா. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றித் தந்துவிட்டார்கள். ராணிக்குப் பதில் ராஜா, பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு பார்கோடு. கூடவே மாற்றிக் கொடுத்ததாகத் தபால் துறையின் கடிதமும் வந்தது. அதையும் புதிய தலைகளையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி பர்மிங்காம் போனேன்.

அப்துல் சமது நல்ல உயரம். கையில் தஸ்பீஹ் மணிமாலை. கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கியும் படித்தார், இறக்கியும் படித்தார்.

"அப்ப பழைய ஸ்டாம்பு கள்ளது இல்லையா?"

"கள்ளதுன்னா மாத்தித் தருவாங்களா?"

"அப்ப ராணி தலை போட்ட எதுவுமே செல்லாதா?"

"பார்கோடு இல்லாத சாதாரண ஸ்டாம்பு எதுவும் செல்லாது."

எழுந்து உள்ளே போனார். பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். நிறைய ராணித் தலை. விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கி அடுக்கியிருக்கிறார். அவர் மனைவி வாசலில் நின்றபடி, "அடுத்த வீட்டு ஸ்டாம்பக் கள்ளதுன்னு ஊரெல்லாம் போன் போட்டியளே, இப்ப இதுக்கு யாருக்குப் போன் போடப் போறிய?" என்றார். மனிதர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அவருக்கும் நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

உன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கடைசியில் அவரே, "திருப்பிவிட்டது என் தப்புத்தான். இன்னொரு கார்டு அனுப்பச் சொல்லும்மா. கார்டு இல்லாம எப்படிப் போறது? தேதி தள்ள வேணாம்னு தம்பி வீட்டுக்கு நான் சொல்லிடுறேன்" என்றார்.

புறப்படும்போது, "நீங்க பொண்ணு வீட்டுக்கு என்ன முறை?" என்று கேட்டார். கூட வேலை பார்த்தவ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதிய தலைகளை அங்கே வரும் தங்கமணி வசம் அனுப்புகிறேன். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

ஷிரின்


லான்மடாவ், யாங்கோன்
6 நவம்பர் 2024

அன்புள்ள ஷிரின்,

அஸ்ஸலாமு அலைக்கும். தலைகள் கிடைத்தன. உன் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு ஸமீரா வாங்கி, பிஸ்கட் டப்பா பகுதியை வாப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

ஆபித்தின் உம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "ஏதோ நடந்துபோச்சு சயாமா, மனசுல வச்சுக்காதிய" என்றார். தேநீர் கொடுத்தேன். அன்று கேட்டதைப் போலவே இதையும் பிள்ளைகள் முன்னால்தான் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அப்துல் சமதுக்கு ஒரே ஒரு பத்திரிகை வேண்டும் என்று லத்தா அச்சகத்தில் போய் நின்றேன். ஒன்றுக்காக இயந்திரம் ஓட்டமாட்டேன் என்றார் அச்சகக்காரர். அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப அடியுங்கள் என்றேன். பிழை எதுவும் இல்லையே, ஏன் என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன்.

"தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே முன்பு கமால், பல்கீஸ் என்று இருந்தது. இப்போது கமால், பல்கீஸ், ஷிரின் என்று இருக்கிறது. கமால் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க பேருதானே போடுவாக, கேட்டா என்ன முறைன்னு சொல்றது?" என்றார். அச்சடித்தாயிற்று, இனி கேட்கிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். ஆபித்தின் வீட்டுக்கும், இந்தத் தெருவுக்கும், என் பழைய துறையில் மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் பழைய பத்திரிகைக்குப் பதிலாக இதையே நேரில் போய்க் கொடுத்தேன். யாரும் முறை கேட்கவில்லை. ஷிரின் சயாமா எப்போது வருகிறார் என்றுதான் கேட்டார்கள்.

தலைகளைப் பற்றி நான் கேட்டது கேட்டதுதான். பத்து வருஷம் எழுதாததற்கும் காரணம் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ சோதிக்காமலே நம்பிவிடுவாய்.

பர்மிங்காம் உறையை, கோடு போட்ட தலை ஒட்டி, அங்கே வரும் அப்துல் பாரியிடம் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தனியாகப் பத்திரிகை வைக்கவில்லை. அழைக்கிறவர்களுக்கு யாரும் பத்திரிகை அனுப்புவதில்லை. டிசம்பர் எட்டாம் தேதி நிக்காஹ் அன்று காலையில் அப்துல் சமது வந்திறங்கும்போது வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள் நீ. அதற்கு முந்தைய வாரமே வந்துவிடு. மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

பல்கீஸ்