குகன் எடுக்காத வரிகள்

செவ்வாய், இரவு

இன்று குகனின் வாயை உடைத்தேன். அவனுடைய ஹெல்மெட்டாலேயே அடித்தேன்.

சமன்பாடு தீர்க்கும் இலவச மென்பொருள் ஒன்றுக்கு நாங்கள் இருவரும் ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் நிரல் எழுதுகிறோம். வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டை வர்க்கமாக்கித் தீர்த்தால் பொய் விடையும் சேர்ந்து வரலாம். திரும்பப் பிரதியிட்டுப் பார்த்து அதைத் தள்ள வேண்டும். எங்கள் நிரல் தள்ளவில்லை. ஓர் ஆசிரியர் அதைக் காட்டி, "இதை எழுதியவர் பள்ளிக்கூடம் போனவரா?" என்று எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருந்தார்.

அப்படிச் சரிபார்க்கும் வரிகளை நிரலிலிருந்து குகன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்தேன். எப்போதும் வேகம், வேகம் என்பவன் அவன். பின்னேரம் கிருலப்பனையிலிருந்து என் வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன். சிரித்தான்.

"மச்சான், ஒரு விடை கேட்டவனுக்கு ரெண்டு குடுத்திருக்கிறம். சந்தோசப்படட்டுமன்."

அடித்தேன். விழுந்தவனை இன்னொரு முறையும் அடித்தேன். மனைவி கத்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கும்போது குகன் சொன்னான்: "ஆர் எடுத்ததெண்டு பதிவைப் பாரடா, விசரா."

எந்த வரியை யார் மாற்றினார் என்பது நிரலின் மாற்றப் பதிவில் இருக்கும். சாப்பிடாமல் உட்கார்ந்து தேடினேன். என் பெயர் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நானே எடுத்து, "தேவையற்ற தாமதம்" என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். அதன் கீழே குகன்: "மச்சான், இது பிழையாப் போகும். யோசி." நான் பதில் போடவில்லை.

வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது ஒரே விடைதான் வருகிறது. மேசைக்கடியில் அவனுடைய உடைந்த பல் கிடந்தது. கடதாசியில் சுற்றி மேசை லாச்சியில் வைத்து மூடியிருக்கிறேன்.

ஆனாலும் அவன் சிரித்திருக்கக் கூடாது.