முதல் வரிசை மட்டும் இருட்டு

மார்ச் 3, திங்கள்

தொலைபேசியை அணைத்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். காலையிலிருந்து பதினோரு பேர் வாழ்த்திவிட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட நான் என்ன செய்தேன் என்று தெரியாது.

நான் செய்தது இவ்வளவுதான். வைரஸின் மேல் முள்முள்ளாக ஒரு புரதம் இருக்கிறது. அது நம் செல்லைப் பிடித்தால்தான் வைரஸ் உள்ளே போகும். எல்லாப் புரதங்களையும் போல அதுவும் அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அந்த மாலையில் பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவைக்கு ஓர் இடமாக, அங்கே இருந்த அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு அலனின் என்ற சாதுவான ஒன்றை வைத்துப் பார்த்தேன். நோய் தராத போலி வைரஸ். அது நுழைந்தால் செல் ஒளிரும், நுழையாவிட்டால் இருட்டு. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்த ஓர் இடத்தை மாற்றியபோது மட்டும் பாதிக்கு மேல் இருட்டு. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

வேறு யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை. அதற்குள் எங்கள் ஆய்வகத் தலைவர் (நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம்') நிருபரைக் கூப்பிட்டுவிட்டார். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. "இது வெளிய வந்தா உனக்கு ரெண்டு வருஷம் நீட்டிப்புக் கேக்கலாம்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன். இன்று வந்த தலைப்பு: 'வைரஸுக்குக் கதவைத் திறப்பது அமினோ அமிலமே!' ஆச்சரியக்குறி வேறு.

மார்ச் 5, புதன்

அப்பாவுக்குத் தொடை எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள். வார்டில் எல்லோருக்கும் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டிவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாராம். அம்மா சொன்னாள்.

சரி, சந்தோஷப்படட்டும்.

மார்ச் 8, சனி

அந்தச் சந்தோஷம் வேண்டவே வேண்டாம், ஆளை விட்டால் போதும்.

அப்பா முட்டை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மீன், பயறு எல்லாம் நின்றுவிட்டது. மருத்துவமனையின் உணவு ஆலோசகர் வந்து, "புரதம்னா அமினோ அமிலம்தான் ஐயா, புண் ஆற அதுதான் முக்கியம்" என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். அதுவே வினையாகிவிட்டது. "பாத்தியா, அவங்களே ஒத்துக்கறாங்க! வைரஸுக்குக் கதவைத் திறக்கறதைக் கொண்டாந்து தட்டுல வெக்கறாங்க" என்கிறார். மூன்று நாளாக ரொட்டியும் பழமும்தான்.

நேரில் போனேன்.

"அப்பா, நான் சொன்னது வைரஸ் மேல இருக்கற அமினோ அமிலம். நீங்க சாப்பிடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அந்த ஆர்ஜினின் முட்டையில இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"அவ்வளவுதான்."

முட்டையில் இருப்பது வயிற்றில் பிரிந்து உங்கள் தோலும் சதையுமாகக் கட்டப்படும், அது வைரஸின் முள்ளில் போய் ஒட்டிக்கொள்ளாது என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உனக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர்ல உன் பேர் வந்திருக்கு. நானே அதுக்கு எதிரா நடந்தா வார்டுல நாலு பேர் என்ன பேசுவாங்க? பெத்த அப்பனே நம்பலைன்னுதானே?"

முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர். எழுத்தில் இருந்தால் உண்மை, வாயால் சொன்னால் வதந்தி. இவரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

மார்ச் 11, செவ்வாய்

செவிலியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தையல் ஓரத்துல கசியுது. புண் ஒட்டவே இல்ல. இப்படியே போனா மறுபடி திறக்க வேண்டி வரும்."

அவசரத்திடம், பத்திரிகையில் ஒரு விளக்கம் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். "தப்பா ஒண்ணும் போடலையே. கொஞ்சம் எளிமையாப் போட்டிருக்காங்க" என்றார்.

எளிமையாம்!

மார்ச் 12, புதன்

நாலாவது முறையாக அதே சோதனை. துளித்துளியாக அளந்து ஊற்றும் பிப்பெட் கையில் இருக்கும்போது அம்மாவின் அழைப்பு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். வேறு யாராவது அப்படிச் செய்தால் நானே வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். "இன்னிக்குப் பாலும் வேண்டாம்னுட்டார்டி. நீ அவருக்கு என்னதான் சொல்லிக் குடுத்த?"

நான் சொல்லிக் கொடுத்தேனாம். கத்தினேன். கத்திய வேகத்தில் பிப்பெட் முனை செல்கள் வளரும் குழித்தட்டின் அடியில் உரசி, முதல் வரிசைக் குழிகளில் இருந்த செல்களை எல்லாம் வழித்தெடுத்துவிட்டேன். வேறு தட்டு தயாராக இல்லை. கடைசி மாற்றத்தை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆர்ஜினினை மாற்றிய வைரஸ் நுழைகிறது. மாற்றாததைப் போலவே பளிச்சென்று ஒளிர்கிறது.

குழாய் மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. கணக்கை மறுபடி போட்டேன். அதே.

பிறகுதான் செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து கீழே குனிந்து பார்த்தேன். ஈரப்பதத்துக்காக வைக்கும் தண்ணீர்த் தட்டு காய்ந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றியவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. கடைசிக் கையெழுத்து ஜனவரி 20. அதுவும் என்னுடையதுதான்.

ஈரம் இல்லாவிட்டால் ஓரக் குழிகள் முதலில் வற்றும். அதில் இருக்கும் செல்கள் வாடும், வெளிச்சம் குறையும். என் பட்டியலில் முதல் பெயர் ஆர்ஜினின் என்பதால் அது எப்போதும் முதல் ஓரம்; இந்தத் தடவை மட்டும்தான் இரண்டாம் வரிசைக்குத் தப்பியது. இன்னொரு ஓரத்தில் வைரஸே போடாத குழிகள். அங்கே இருட்டாகத்தான் இருக்க வேண்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று முறை செய்தேன் என்று மார் தட்டினேனே... மூன்று முறையும் அதே வைரஸை அதே காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு, நுழையவில்லை நுழையவில்லை என்று குதித்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான்!

மார்ச் 15, சனி

தண்ணீர் ஊற்றினேன். ஓரக் குழிகளை விட்டுவிட்டு, வரிசையையும் கலைத்து வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஒளிர்கிறது. அந்த ஆர்ஜினின் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மார்ச் 18, செவ்வாய்

அவசரத்திடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் எதற்கும் அவசரப்படவில்லை. "ஜூன் போகட்டும், உன் நீட்டிப்பு வந்துடட்டும். ஆராய்ச்சிக் கட்டுரையில அந்தப் பகுதியை விட்டுடலாம். பேப்பர்ல வந்ததை யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறா?"

ஒருவர் வைத்திருக்கிறார், தலையணைக்கு அடியில்.

இடத்துக்கு வந்து நிருபருக்கு எழுதினேன், என் பெயரிலேயே. முடிவு தவறு, காரணம் என் சோதனை முறை, உணவில் உள்ள புரதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு மணி நேரம் அனுப்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையா எனக்கு இது? சும்மா கிடந்தால் ரெண்டு வருஷம் நிம்மதியாப் போயிருக்கும். அப்பாவுக்கு வேற ஏதாவது கதை சொல்லிக்கலாம். என்ன கதை? எழுத்துல இல்லாத எதை அவர் நம்பினார்?

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

ஏழாம் பக்கம், செருப்பு விளம்பரத்துக்குக் கீழே, ஐந்து வரி.

எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அப்பா படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதியிருக்கான்."

"நான்தாம்பா எழுதினேன். கீழ பேரைப் பாருங்க."

பார்த்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். "உன்னை நீயே தப்புன்னு எழுதிக் குடுத்தியா?"

"ஆமாம்பா."

"வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகலாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டில் முட்டை அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா: "காலையில அவராவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரெண்டு முட்டை."

ஏப்ரல் 6, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை எனக்கும் கடிதம் வந்தது: ஜூனுக்குப் பிறகு இடமில்லை. நல்வாழ்த்துகள் என்று முடித்திருந்தார்கள். அப்பாவிடம் நேற்றே, ஜனவரியில் தண்ணீர் ஊற்ற மறந்ததிலிருந்து இந்தக் கடிதம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

இன்று போனபோது பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர். அப்பா உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் வந்ததைக் கவனிக்கவில்லை.

"பொண்ணு வைரஸ் ஆராய்ச்சியா? அப்ப ஏதாவது கண்டுபிடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார் புதியவர்.

"கண்டுபிடிச்சாளே" என்றார் அப்பா. "தன்னோட தப்பைக் கண்டுபிடிச்சா. வேற ஒருத்தன் கண்ணுல படறதுக்கு முன்னாடி அவளே பேப்பர்ல போட்டா. எங்க, உங்க வீட்டுல யாராவது செய்யட்டும் பாக்கலாம்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றேன். கேட்டால்தானே! நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள், புதியவருக்கு ஜனவரியிலிருந்து கதை தொடங்கிவிட்டது.