கில்த்தி என்றொரு பட்டம்

ஹெல்சிங்கி,
3 நவம்பர் 1986

அன்புள்ள ரிஸ்தோ அண்ணனுக்கு,

கனடாவில் நீ சுகம் என்பது கடிதத்தோடு வந்த மான் வேட்டைப் படத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்க ஆள் வேண்டும். சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போகிறேன்.

குளிர்காலத்துக்கு வருவதாகச் சத்தியம் செய்தவன், இப்போது மர ஆலையில் வேலை அதிகம் என்கிறாய். போகட்டும். கடைசியில், "நீ எப்பவும் கில்த்தி ஆச்சே, பாத்துக்குவே" என்று எழுதினாயே, அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

என் தலையெழுத்து, அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் என் மேசைக்கு வந்ததும் அதே சொல்தான். நல்ல, சாது, சொன்ன பேச்சு கேட்கிற என்று பொருள் எழுதினேன். நாய்க்கும் சொல்கிறோம், பிள்ளைக்கும் சொல்கிறோம். சுவீடன்காரர்களிடம் வாங்கிய சொல். பழைய பொருள், செல்லுபடியாகிற. அப்புறம் கில்திம்பி, அதைவிட நல்ல. கில்தெய்ன், எல்லாரிலும் நல்ல. அட்டையில் எழுதும்போதே உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இந்தப் பட்டத்தை என்னிடம் இன்னும் எத்தனை காலம்தான் செல்லுபடியாக்குவீர்கள்?

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் பக்கத்து வீட்டு வில்யோ வந்து, "இங்க கில்த்தி பிள்ளைங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பாரே! நீ விறகுக் கொட்டகைக் கூரையில் இருப்பாய். நான் கைகட்டி நின்று பாடுவேன். பரிசு மட்டும் இருவருக்கும் ஒரே அளவு. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு. நான் பேசாமலிருந்தால் சம்மதம் என்று நீங்களும் எடுத்துக்கொண்டீர்கள்.

உன்னிடம் மறைத்த ஒன்று. என் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது. அம்மாவை விட்டுப் போக முடியாமல் இரண்டு முறை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டேன். "இன்னொரு தடவை தள்ளினீங்கன்னா, போன பார்வை திரும்பாதும்மா" என்று டாக்டர் சத்தம் போட்டார். இரண்டு வாரம் முதியோர் இல்லத்தில் இருக்கிறாயா என்று அம்மாவிடம் கேட்டேன். "அங்க கொண்டுபோய்ப் போட்டா பச்சத்தண்ணி தொடமாட்டேன்" என்கிறாள்.

சிகிச்சைக்குத் தேதி இந்த மாதம் பதினெட்டு. இந்த முறை தள்ளமாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி.

நேற்று அம்மாவிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நான் அவளிடம் சொன்ன முதல் பொய் இது. அவள் தலை வாரிவிடச் சொல்லி, அப்போதிருந்து கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

உன் பயணத்துக்குக் கடவுள் துணையிருக்கட்டும்.

உன் தங்கை,
பிர்க்கோ