பன்னிரண்டாம் தேதி வகுப்பு

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அம்மாவைக் கேட்டால், "அவ யார்கிட்டயும் பேசல, நீயும் கொஞ்ச நாள் விடு" என்கிறாள். அதனால் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பு.

மாப்பிள்ளை போய் இருபது நாளாகிறது. ஆலையில் அந்தக் கழிவுத் தொட்டிப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. விசாரணை அதிகாரி வந்து போனார். அறிக்கை உனக்கும் வரும். அதில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இருக்கும். மனசில் வைத்துக்கொள்ளாதே, அதெல்லாம் ஆபீஸ் எழுத்து.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அண்ணாவுக்கு,

அறிக்கை வந்தது. 'பாதுகாப்பு அதிகாரி அளித்த பயிற்சியை மீறி, விஷவாயு சோதிக்காமல் தொட்டியில் இறங்கியது தொழிலாளியின் சொந்தத் தவறு.' பாதுகாப்பு அதிகாரி நீதானே?

பயிற்சி ஜனவரி 12, மதியம் இரண்டு மணி என்று போட்டு, அவர் கையெழுத்தும் இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை அண்ணா, நீ வீடு மாறிய நாள். இரண்டு மணிக்கு அவர் உன் பீரோவை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். நீ பின்னால் நின்று, "மாப்ள, பாத்து, கண்ணாடி!" என்று கத்திக்கொண்டிருந்தாய்.

இந்த வேலைக்குப் படித்தபோது என்னைத்தான் பாயில் கிடத்தி, மயங்கினவனை வெளியே இழுக்கப் பழகினாய். என் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அவ்வளவு படித்தவனுக்கு அவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லித்தர முடியவில்லையா? அவர் திமிர் பிடித்து இறங்கவில்லை. தெரியாமல் இறங்கினார். போய் உண்மையைச் சொல். சொன்ன பேச்சு கேட்காமல் அப்பா செத்தார் என்று பாப்பா படித்து வளரக் கூடாது.

தங்கை

மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வகுப்பு நடக்கவில்லை. நாற்பது பேரை உட்காரவைத்தால் வேலை கெடும், ஞாயிற்றுக்கிழமை நடந்ததாக எழுதிக்கொள் என்றார் மேலாளர். சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துத் தாளை நீட்டினேன். மாப்பிள்ளை கையைக்கூடக் கழுவவில்லை. "மச்சான் சொன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன்" என்று சிரித்தார். அடுத்த வாரம் சொல்லித்தரலாம் என்றிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. என் பிள்ளைகள் தெருவில் நிற்கும். போனவர் திரும்பியா வரப்போகிறார்? உனக்கு ஆலை ஆபீசில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துப்போடு.

உன் அண்ணன்

மார்ச் 20

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. நேற்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இது உங்க அண்ணன் கையெழுத்துதானாம்மா?" என்று கேட்டார். எனக்கு எழுதப் பழக்கினவனே நீதான், தெரியாமல் போகுமா? ஆமாம் என்றேன்.

உன் பிள்ளைகள் இனி என்னை அத்தை என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காக வழி நெடுக அழுதேன். உனக்காக அழுகை வரவில்லை.

கூப்பிட்டு அனுப்புவார்கள், போ. மீதி முப்பத்தொன்பது பேரும் இன்னும் அதே தொட்டியில்தான் இறங்குகிறார்கள். உன் ஆபீஸ் வேலை எனக்கு வேண்டாம். இனி எழுதாதே.

இப்படிக்கு,
அவர் மனைவி