இரண்டாவது முறை பார்த்தால் சரியாக இருக்கிறது

12 ஜூன் 2006, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. மாடி அறையில் உட்கார முடியவில்லை. மேசை, கம்ப்யூட்டர், போர்டு எல்லாம் கூடத்துக்கு இறக்கியாயிற்று.

செய்ய:
ரகுவுக்கு மெயில்.
காய்ச்சல் மருந்து புது பாட்டில். இருப்பது பாதிதான்.
கேஸ் சொல்ல.
குட்டிக்கு நகம் வெட்ட. (தூங்கும்போது.)

சென்னை ஆபீஸ் அனுப்பிய போர்டில் நகம் அளவுக்கு ஒரு சிப். கேபிளின் மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும். கெர்னலுக்குள், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மூல நிரலுக்குள், உட்கார்ந்து நொடிக்கொரு தரம் அதைக் கேட்கிற டிரைவர் நிரல் என் பொறுப்பு. இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சுழியம்.

டிரைவர் என்றதும் பக்கத்துவீட்டு முனுசாமி அண்ணன் அத்தையிடம் கேட்டாராம்: "உம் மருமவ டிரைவர் வேல பாக்குதாமே, இன்னா வண்டி?" அத்தை அசராமல், "ஊட்டுக்குள்ளயே ஓட்டுது, பெட்ரோல் வேணாம்."

இன்றும் அதே தொல்லை. கா. 9.10க்கு 'லிங்க் டவுன்'. ஒரு நொடி கழித்து 'லிங்க் அப்'. கேபிளை யாரும் தொடவில்லை. போர்டின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அணையவே இல்லை. மதியம் 2.05க்கு மறுபடி. கஸ்டமரும் இதையே சொல்கிறார்களாம். வெள்ளிக்குள் சரியாகவில்லை என்றால் திங்களிலிருந்து சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும் என்று மேலாளர் ரகு. குட்டியை விட்டுவிட்டா?

நேற்று மாலை குட்டிக்கு ஊட்டும்போது ஒன்று. இட்லித் துண்டோடு அவள் கை பாதியில் நின்றது. கண் இடது மூலைக்கு மேலே. வாய் மட்டும் லேசாக மென்றது. வாயில் ஒன்றுமில்லை. இரண்டு மூச்சு நேரம். "குட்டி!" என்றேன். திரும்பிச் சிரித்தாள்.

அங்கே சுவரில் ஒன்றுமே இல்லை. பல்லிகூட.

13, செவ்வாய்

கண்டுபிடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ரகுவின் பழைய நிரலில் சிப்பைப் படிக்கும் வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. ஏதோ கைதவறி ஒட்டிவிட்டார் என்று போன மாதம் நானே ஒன்றை அழித்தேன். சுத்தம் செய்கிறேன் என்று பெருமையாக மெயில் வேறு.

சிப்பின் கையேட்டில் அடிக்குறிப்பு: இணைப்பு அறுந்தால் அந்த சுழியத்தை சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். இணைப்பு திரும்பினாலும் விடாது, யாராவது வந்து படிக்கும் வரை. முதல் முறை படித்தால் நடந்தது. இரண்டாவது முறை படித்தால் இப்போது இருப்பது.

ரகுவிடம் போனில் சொன்னேன். ஒரே சிரிப்பு. "அது தெரியாதா உங்களுக்கு? முதல் ரீடிங்கைத் தூக்கிப் போடுங்க. ரெண்டாவதுதான் கணக்கு."

அழித்த வரியைத் திரும்பப் போட்டேன். 2.05 வந்தது, போனது. லாக் சுத்தம், ஒரு 'லிங்க் டவுன்'கூடப் பதிவாகவில்லை.

கீரை மசியல், குட்டி நன்றாகச் சாப்பிட்டாள். நகம் வெட்டவில்லை.

மா. 6 சுமாருக்கு மறுபடி. விளையாட்டுக் கிண்ணத்தோடு. அதே இடது மூலை. அத்தை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கொழந்தன்னா எதனா பாத்துகினுதாம்மா இருக்கும். நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?"

ஆனால் பூக்கட்டும் கை நின்றுவிட்டது. பிறகுதான் தொடர்ந்தது.

14, புதன்

பெங்களூரிலிருந்து குட்டியின் அப்பா போன். சொன்னேன். "உள்ளூர் டாக்டரே காய்ச்சல் வலிப்புதான், பயம் இல்லன்னு சொல்லிட்டாரு. எதைப் பாத்தாலும் உடனே அதுதான்னு முடிவு பண்ணாத. இன்னொரு தடவை பாரு. நல்லாத்தான் இருப்பா."

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள். எப்போதும் இரண்டாவது பார்வையில் நன்றாகத்தான் இருக்கிறாள். அதுதான் என் பயமே.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இல்லாவிட்டால் வேறு எங்கே.

ஏப்ரலில் அந்த மத்தியானம். குட்டிக்குக் காய்ச்சல், பாயில் தூங்கினாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கிரீன் பக்கம். பக்கத்துவீட்டு விசைத்தறிகளின் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது. தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். விறைத்து வெட்டிக்கொண்டிருந்தாள், உதடு நீலம்.

"எவ்ளோ நேரம் வந்துச்சும்மா?" என்று உள்ளூர் டாக்டர் கேட்டார். "ஒரு நிமிஷம் சார்" என்றேன். அத்தை பக்கத்தில் நின்றார்.

ஒரு நிமிஷம் என்பது நான் திரும்பிய பிறகு. அதற்கு முன் எவ்வளவு? எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் டாக்டர் பயமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த வார்த்தையைத்தான் எல்லாரும் எனக்குத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறேன், சுவர் என் முதுகுக்கு. ஆனாலும் பாயைப் பார்க்கும் முதல் நொடியில் தெரிவது ஏப்ரல் குழந்தை. நீல உதடு. பிறகுதான் இவள்.

15, வியாழன்

லாக் இரண்டு நாளாக சுத்தம். ரகு கஸ்டமருக்கு அனுப்பிவிட்டார். "சூப்பர். இனிமே வீட்லருந்தே பாருங்க." சந்தோஷமாக இருக்க வேண்டும்.

கேஸ் வந்தது. பால் திரிந்துவிட்டது.

துணி உலர்த்த மாடிக்குப் போனபோது பக்கத்தில் முனுசாமி அண்ணன் தறிகளைப் போட்டார். நாலும் சேர்ந்து ஒரே உறுமல். எங்கள் மாடி அறை டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. கீழே வந்து மணி பார்த்தேன். 9.11.

மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தி, திரும்பப் போடுவது இரண்டு மணிக்கு மேல்.

திங்களன்று எழுதியதைப் புரட்டினேன்: 9.10, 2.05.

அப்படியானால் பொய் இல்லை. மோட்டார் கிளம்பும்போது இணைப்பு நிஜமாகவே அறுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. விளக்கு காட்டிக்கொடுக்காத அளவு. சிப் அதைப் பார்த்தது, பிடித்துவைத்துச் சொன்னது. நான் இரண்டாவது முறை படித்து அதன் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு வரியைத் தெரியாமல் அழித்ததால் தெரியவந்த விஷயம். சரி செய்ததும் மறைந்துவிட்டது.

இன்று மா. 5.40. மூன்று மூச்சு.

16, வெள்ளி

ரகுவிடம் சொன்னேன். முதல் ரீடிங்கை எறியாமல் எண்ணி வைப்போம், எத்தனை முறை அறுந்தது என்று கஸ்டமருக்குத் தெரியட்டும்.

"ஏங்க, அரை செகண்ட் அறுந்துச்சுன்னா யாருக்கு இன்னா ஆவப்போவுது? லாக்ல பாத்தா அவங்கதான் பயப்படுவாங்க."

"அறுந்தது நிஜம் ரகு."

"இப்ப இருக்குது இல்ல?"

இருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

எல்லாரும் ஒரே பாஷை பேசுகிறார்கள்.

பார்த்தவை, நினைவிலிருந்து:
ஞாயிறு மாலை, இட்லி. இரண்டு மூச்சு.
செவ்வாய் மா. 6, கிண்ணம். இரண்டு.
வியாழன் மா. 5.40. மூன்று.
இன்று கா. 8.15, குளித்த பிறகு. இரண்டு. இடது கட்டைவிரல் மடங்கியது.

நான்கு. நான் பார்த்தது மட்டும் நான்கு.

17, சனி



அத்தை குளிக்கப் போயிருந்தார். காய்கறிக்காரர் சில்லறை கேட்டார், அத்தையின் சுருக்குப்பையில் கை விட்டேன். சில்லறையோடு ஒரு முழம் சிவப்புப் பட்டு நூல் வந்தது. நடுநடுவே முடிச்சு. அத்தை பக்கத்துத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பவர், வீடு முழுக்க நூல் கிடக்கும். ஆனால் நூலில் முடிச்சு விழுந்தால் அவருக்கு ஆகாது. ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம் திட்டுவார்.

எண்ணினேன். ஒன்பது.

ஈரத்தலையோடு வந்தவர் என் கையில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது இன்னா அத்த?"

 குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு போட்டேன். கட்டிப்போட்டா நின்னுடும்னு."

"ஒவ்வொரு வாட்டியும்னா?"

"கொழந்த மேல பாக்கும் பாரு. அந்த வாட்டி."

 "எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னீங்களே!"

"ஆமா சொன்னேன். நீ தூங்கறதில்ல, துன்றதில்ல, நாற்காலியத் திருப்பிப் போட்டுகினு கொழந்தையே பாத்துகினு இருக்கற. நானும் ஆமான்னு சொல்லிட்டா நீ இன்னா ஆவ?"  பிறகு கோபம். "போளூர்ல எந்தங்கச்சி கயிறு மந்திரிச்சுத் தரேன்னா. போவல. போனா நெஜம்னு ஆயிடும்ல."

நான் என்ன ஆவேன் என்று பயந்து அவர் ஒன்பது முடிச்சை மறைத்து வைத்தார். எனக்கே பைத்தியமோ என்று பயந்து நான் நான்கை இங்கே எழுதினேன். ஒரே வீட்டில்.

முதல் முடிச்சு எப்போது என்று கேட்டேன். "மே மாசம். அக்கினி நட்சத்திரம் முடிஞ்ச அன்னிக்கி."

மூன்று வாரம்.

18, ஞாயிறு

வேலூரில் குழந்தைகள் நரம்பு டாக்டர் நாளை பார்ப்பார். குட்டியின் அப்பாவிடம் போனில் சொன்னேன்.  "அம்மா நிஜமாவே பாத்தாங்களா?" "பாத்தாங்க" என்றேன். இரவு பஸ்ஸில் கிளம்பிக் காலையில் நேராக அங்கேயே வந்துவிடுகிறாராம்.

பை: துணி ஆறு, வெந்நீர் பிளாஸ்க், மருந்து, பழைய சீட்டு, இந்த நோட்டு, நூல்.

டிரைவரை மாற்றி எழுதினேன். முதல் முறை படித்தது ஒரு எண்ணிக்கையில் சேரும், இரண்டாவது இப்போதைய நிலை. இரண்டும் இருக்கும். ரகுவுக்கு ஒரே வரி: "வேண்டாம் என்றால் உங்கள் பெயரில் மாற்றிக்கொள்ளுங்கள், என் பெயரில் இப்படித்தான் போகும்." பதில் வரவில்லை. திங்கள் சென்னைக்கு வா என்றாலும் என்னால் ஆகாது.

"ஜல்தியா படு, காலைல பஸ்ஸு" என்று அத்தை விளக்கை அணைத்துவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

19, திங்கள். வேலூர்

கண்ணமங்கலம் தாண்டும் வரை குட்டி ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நோட்டில் நான்கையும் எழுதிய பக்கத்தை இரண்டு முறை படித்தார். மாலையும் காலையும், கை, கண் எந்தப் பக்கம், எல்லாம் தாளில் ஏற்றினார். அத்தை நூலை மேசையில் வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினார்.

"ஒன்பதுன்னு சொன்னீங்க, பத்து இருக்குதேம்மா?"

"ஒண்ணு பஸ்ல வரும்போது போட்டதும்மா" என்றார் அத்தை. நான் கவனிக்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கேள்வி. "ஏப்ரல்ல வந்தது எவ்ளோ நேரம்?" பழைய சீட்டில் ஒரு நிமிஷம் என்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்துவிட்ட அவரும் அத்தையும் என் இரண்டு பக்கமும்.

"தெரியாது டாக்டர். நான் திரும்பி உக்காந்திருந்தேன். பாக்கல. ஒரு நிமிஷம்னு சொன்னது பொய்."

குட்டியின் அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். அத்தையின் கை என் முழங்கையில்.

டாக்டர் ஒரு நிமிஷம் என்பதை அடித்துவிட்டு எழுதினார்: தெரியவில்லை. "இதுதான் எனக்கு உபயோகம்" என்றார். திட்டவில்லை. பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டாராம். நாளை கா. 8க்கு மூளை அலைப் பரிசோதனை. அப்போது குட்டி தானாகத் தூங்க வேண்டும், அதனால் விடியற்காலை மூன்றரைக்கே எழுப்பிவிட வேண்டும்.

லாட்ஜ் ரூம். கொசு. ரகு மெயில் பார்க்க வழி இல்லை.

20, செவ்வாய்

3.30க்கு எழுப்பினோம். ஒரே அழுகை. நாலு வரை அவர் வராந்தாவில் தூக்கி நடந்தார். பிறகு அத்தை. இப்போது என் முறை.

4.20. விழித்திருக்கிறாள். கிலுகிலுப்பையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறாள்.

நானும் மேலே பார்த்தேன். ஃபேன். அதைத்தான் பார்த்தாளா, தெரியவில்லை.

திரும்ப அவளைப் பார்த்தேன். இப்போது என்னைத்தான் பார்க்கிறாள். முதலில் பார்த்ததையும் எழுதிவிட்டேன்.