தட்டியைச் சுற்றிப் பதினோரு அடி

என் அருமை மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உபாத்தியாயர் சங்கத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஊருக்குச் சொல்வதைவிட உன்னிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மற்றவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது உன் நாற்காலியில் நான்தான் இருக்கிறேன். சிரிக்கிறாயா? சிரி. என் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன், எனக்கே தலைமை உபாத்தியாயராக வந்துவிட்டானே என்று அன்று வயிறெரிந்தவன்தானே நான்.

சண்டை என்னவோ பள்ளிக்கூட மணியைப் பற்றித்தான். ராயபுரம் கடற்கரையில் கட்டுமரம் கரையேறி, மீனைக் கூடையில் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் வருவார்கள். அதுவரை ஆஜர் எடுக்காமல் காத்திருப்பேன். பத்து மணி அடித்ததும் எடுத்தே ஆகவேண்டும் என்பது உன் கட்சி. நேரில் சொல்லியிருந்தால் நானும் நேரிலேயே கத்தித் தீர்த்திருப்பேன். நீ ஆர்டர் புஸ்தகத்தில் எழுதி அனுப்பினாய்.

அந்தக் கூத்தை என்ன சொல்ல! பள்ளிக்கூடமே ஒரு கூடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. நீ இருமினால் என் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் பியூன் முனியன் அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு தட்டியைச் சுற்றி வருவான். நான் கையெழுத்துப் போடுவேன், அவன் மறுபடி சுற்றி உன்னிடம் போவான். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் பந்தியில்கூடப் பேசவில்லை. "இன்னாண்ணா இது? ஒரே சட்டிக் கொயம்ப ஊத்தித் துன்னுகினு ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிகினு கீறீங்களே!" என்று என் தங்கை பாக்கியம் அழுதாள்.

கடைசியாக நீ எழுதி அனுப்பியது ஒரே வரி. 'சாயங்காலம் என்னை வந்து பார்க்கவும்.' வழக்கம்போல் அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் உனக்கு ஜுரம். நான் ஓடி வந்தபோது உனக்கு நினைவில்லை; நினைவு திரும்பாமலே போய்விட்டாய். எதற்குக் கூப்பிட்டாய், மாப்பிள்ளை? திட்டவா? ராசியாகிவிடலாம் என்றா? பாக்கியத்துக்கும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து ஆஜர் பட்டியைப் புரட்டும்போது வருகிற பயம் உன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிகிறது. என் பழைய வகுப்புக்குச் சபாபதி என்று ஒரு புது வாத்தியார். அவனும் கட்டுமரம் வரும்வரை காத்திருக்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே புஸ்தகத்தில் எழுதி அனுப்பினேன். ஏழு தடவை. ஏழுக்கும் பதிலில்லை, கையெழுத்து மட்டும். ஆத்திரத்தில், 'சொல்லுக்கு அடங்காதவர்' என்று மேலிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதி வைத்தேன். அது தபாலில் போனால் அவன் வேலை போய்விடும். வீட்டில் அவன் மனைவி வாயும் வயிறுமாக இருக்கிறாள்.

இன்று எட்டாவது தடவை புஸ்தகத்தை நீட்டினேன். முனியன் கையை நீட்டவில்லை.

"வாணாம் சாமி. அந்த ஐயாவுக்கும் உனுக்கும் நடந்தே என் காலு தேஞ்சிபோச்சி. வாத்தியாரு தோ, தட்டிக்கு அந்தாண்டதான் குந்திகினு கீறாரு. நீயே போயி பேசேன்."

அவனை அறைந்திருப்பேன். பிள்ளைகள் போன பிறகு தட்டியைச் சுற்றி நடந்து பார்த்தேன். பதினோரு அடிதான், மாப்பிள்ளை. எட்டு மாதத்தில் நீயும் நடக்கவில்லை, நானும் நடக்கவில்லை.

ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டேன். நாளைக் காலை மணி அடிக்குமுன் சபாபதியிடம் நானே போகிறேன். அரை மணி தள்ளி மணி அடிக்க இன்ஸ்பெக்டரிடம் சேர்ந்து போய்க் கேட்கலாமா என்று பேசப்போகிறேன். அவன் கத்தினாலும் நின்று கேட்பேன். அந்தப் பதினோரு அடியை இனி முனியனை நடக்கவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கூப்பிட்டபோது வராத
உன் மச்சான்,
கோபால்